தொட்டி மாற்றிய ஆர்கிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரோஜாவையோ செம்பருத்தியையோ புதுத் தொட்டிக்கு மாற்றினால் கையோடு அடிவரை நனையத் தண்ணீர் ஊற்றுவோம். மண் அமுங்கி வேரைப் பிடிக்க அது வேண்டும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஆர்கிட்டுக்குக் கொண்டுபோகும்போதுதான் வம்பு வருகிறது. தொட்டி மாற்றிய இரண்டாவது வாரம் இலை சுருங்கும், பாவம் தாகம் என்று இன்னும் ஊற்றுவோம், மூன்றாவது வாரம் மொத்தச் செடியும் கையோடு வந்துவிடும்.

தொட்டி மாற்றிய செடியிடம் குறைவாக இருப்பது வேர். தண்ணீர் எவ்வளவு இருந்தாலும் குடிக்கும் வாய் பாதிதான் மிச்சம். அதனால் அடுத்த ஆறேழு வாரங்களுக்கு இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வேரையும் கலவையையும் பார்த்து முடிவெடுங்கள். கீழே சொல்லப்போவது எல்லாமே இதன் விரிவுதான்.

இங்கே சொல்லும் நாள் கணக்கு சமவெளித் தமிழ்நாட்டில், நர்சரியில் வாங்கிய ஃபலனாப்சிஸ், டென்ட்ரோபியம் ஆர்கிட் வகைகளை வைத்திருப்பவர்களுக்கானது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் எல்லாவற்றிலும் சில நாட்கள் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே கலவை காய நேரமாகும்.

வேரைப் பற்றி முதலில்

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்கிட்களில் பெரும்பாலானவை மரத்தில் ஒட்டி வளரும் இனங்கள். நம் ஊர் மரங்களிலேயே வாண்டா டெசலேட்டா என்ற ஆர்கிட் தானாக வளர்கிறது, அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. மழை பெய்தால் அதன் வேர் தொப்பலாக நனையும். மழை விட்டுக் காற்றடித்தால் சீக்கிரமே காய்ந்துவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வரும் வாழ்க்கைக்கு ஏற்ற வேர் அது.

அந்த வேரின் மேல் வெலமென் என்ற பஞ்சு போன்ற உறை உண்டு. உயிரற்ற செல்களால் ஆன அந்த உறை, தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு உள்ளே இருக்கும் உயிருள்ள வேருக்குக் கொடுக்கும். காய்ந்திருக்கும்போது உறைக்குள் காற்று நிறைந்து வேர் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் தெரியும். நனைந்தால் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். வேர் தானே நிறம் மாறித் தகவல் சொல்வதால்தான், முடிந்தால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

தொட்டி மாற்றும்போது இந்த வேர்களில் சில முறியும், சில கீறும், அழுகியதை நாமே வெட்டுவோம். அந்தக் காயங்கள் காய்ந்து மூடும் முன் ஈரத்திலேயே கிடந்தால் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற அழுகல் கிருமிகளுக்கும் பாக்டீரியாவுக்கும் வாசல் திறந்த மாதிரி. முதல் சில நாட்கள் தண்ணீர் வேண்டாம் என்பதற்குக் காரணம் இவ்வளவுதான்.

படி 1: செடிக்கு முன் கலவைக்குத் தண்ணீர்

தண்ணீர் விஷயம் தொட்டி மாற்றுவதற்கு முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. கலவையை முன்கூட்டியே ஊறவைத்தால் அதிலேயே லேசான ஈரம் இருக்கும், பிறகு சில நாள் ஊற்றாமல் இருந்தாலும் செடி வறண்டு போகாது. காய்ந்த கலவையில் நட்டுவிட்டு ஐந்து நாள் காத்திருப்பது வேறு, ஊறி வடிந்த கலவையில் நட்டுவிட்டு ஐந்து நாள் காத்திருப்பது வேறு. ‘ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்’ என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

தேங்காய் மட்டைத் துண்டு நம்மிடம் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அதில் உப்பும் துவர்ப்புச் சாறும் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். காப்பி நிறத்தில் வருவது வெளிறும்வரை இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்திருந்தால், கடைசியாக வடியும் தண்ணீரின் டிடிஎஸ் நீங்கள் ஊற்றிய தண்ணீரின் டிடிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். பைன் மரப்பட்டையில் சிக்கல் நேர்மாறானது. புதுப் பட்டை தண்ணீரைப் பிடிக்காது, மேலே ஊற்றினால் வழிந்து கீழே ஓடிவிடும். அதையும் இரவு முழுக்க ஊறப்போட வேண்டும். கரி என்றால் இஸ்திரிக் கடைகளில் பயன்படுத்தும் சாதாரண மரக்கரி போதும், தூள் போகக் கழுவி எடுங்கள். ஸ்பாக்னம் பாசியை நனைத்து, சொட்டு விழாத அளவுக்குக் கையால் பிழியுங்கள். தொட்டியில் வைக்கும்போது திணிக்காதீர்கள்.

ஊறிய எல்லாவற்றையும் வடிகட்டி அரை மணி நேரம் வையுங்கள். துண்டு ஈரமாக இருக்க வேண்டும், பளபளவென்று தண்ணீர் மினுங்கக் கூடாது.

செடி ஆடாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஆடினால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் புது வேரின் நுனி கலவையில் உரசி முறியும். குச்சி வைத்துக் கட்டுங்கள்.

படி 2: எத்தனை நாள் காத்திருப்பது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எவ்வளவு வேரை வெட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஃபலனாப்சிஸில் வேர்கள் நல்லபடியாக இருந்து, ஒன்றிரண்டை மட்டும் வெட்டியிருந்தால் இரண்டு மூன்று நாள் போதும். பாதிக்கு மேல் வெட்ட வேண்டி வந்திருந்தால் ஐந்து முதல் ஏழு நாள். இந்த இனத்துக்குத் தண்டில் தண்ணீர் சேமிக்கும் வசதி இல்லை, இலையில் இருப்பதுதான் கையிருப்பு. அதனால் பத்து நாள், இரண்டு வாரம் என்று இழுக்காதீர்கள். குளிர் நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகளில் அப்படி இருக்கும். நம் கோடையில் அது பட்டினி.

டென்ட்ரோபியத்துக்குக் கரும்பு மாதிரித் தடித்த தண்டு உண்டு, அதில் தண்ணீரும் உணவும் இருக்கும். ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். அடியில் புதுக் குருத்து வந்து, அதிலிருந்து வேர் நுனி எட்டிப் பார்க்கும் நேரத்தில் தொட்டி மாற்றினால் காத்திருக்கும் காலத்திலேயே வேர் இறங்க ஆரம்பித்துவிடும். டென்ட்ரோபியத்தைப் பொறுத்தவரை நாள் பார்ப்பதைவிட இந்த நேரம் பார்ப்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

கூடையில் வேர் தொங்க வளரும் வாண்டா கணக்கில் சேராது. அதைச் சுற்றிக் கலவையே இல்லை, காயம் காற்றிலேயே காய்ந்துவிடும். ஒரு நாள் விட்டு மறுநாளே வழக்கம்போல் நனைக்கலாம்.

எந்த வேரையும் வெட்டாமல், வேர் உருண்டையைக் கலைக்காமல் பெரிய தொட்டிக்கு மாற்றினீர்களா? அப்படியானால் அன்றே ஊற்றலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் நர்சரிச் செடிகளில் பலவற்றுக்கு நடுவில் ஒரு பாசி உருண்டை ஒளிந்திருக்கும். வெளியே மட்டைத்துண்டு காய்ந்துவிடும், உள்ளே பாசி சொதசொதவென்று இருக்கும். அதை எடுக்காமல் விட்டால் தண்ணீர்க் கணக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

படி 3: காத்திருக்கும் நாட்களில்

வேரால் குடிக்க முடியாதபோது செலவைக் குறைப்பதுதான் வழி. இலை வழியாகத் தண்ணீர் வெளியேறுவது குறைந்தால் செடி தாங்கும்.

நேரடி வெயில் வேண்டாம். வழக்கமான இடத்தைவிட நிழலான, ஆனால் வெளிச்சமுள்ள இடம். மாடித்தோட்டத்தில் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வைத்திருப்பவர்கள் இந்த நாட்களுக்கு இன்னொரு அடுக்கு போடலாம், அல்லது வராந்தாவுக்கு நகர்த்தலாம். மின்விசிறி நேராக அடிக்கும் இடம், ஏசி அறை இரண்டும் கூடாது. ஃபலனாப்சிஸ் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும் வகை. படுக்கையறையில் ஏசி போட்டுவிட்டு அதே மேசையில் செடியையும் வைத்தால், அது துளை திறந்திருக்கும் நேரம் முழுக்க வறண்ட காற்று அடிக்கிறது.

இலை மீது லேசாகத் தெளிப்பது ஊரைப் பொறுத்தது. சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது, பெரும்பாலான நாட்களில் தெளிக்கத் தேவையே இல்லை. மதுரை, திருச்சிக் கோடையிலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் கோவையிலும் காலையில் ஒரு முறை தெளிக்கலாம். இலையின் இரு பக்கமும் மெல்லிய பனி போல, அவ்வளவுதான். இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் டிஷ்யூ தாளின் முனையைச் சுருட்டி விட்டு உறிஞ்சி எடுங்கள். குருத்து அழுகினால் ஃபலனாப்சிஸுக்கு அதற்கு மேல் வளர வழி இல்லை. அதிர்ஷ்டம் இருந்தால் பக்கவாட்டில் ஒரு குட்டிச்செடி வரும்.

கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைத்து மேலே தொட்டியை வைக்கும் யோசனை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. திறந்த பால்கனியில் அதனால் பெரிய பயன் எதுவும் இல்லை. செடிகளை நெருக்கமாக வைத்து, சுற்றியுள்ள தரையை மாலை வெயில் இறங்கும் முன் நனைத்துவிட்டால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும்.

படி 4: முதல் தண்ணீர்

காலை நேரம்தான் சரி. இலையிலும் குருத்திலும் பட்ட நீர் இருட்டுவதற்குள் காய்ந்துவிட வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் பதினோரு மணிக்கே சுடும். குழாயைத் திறந்து நேராகப் பிடிக்காமல், விடியற்காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து வையுங்கள். இரவே பிடித்து மூடாமல் வைத்தால் குளோரினும் ஓரளவு வெளியேறிவிடும்.

ஊற்றும்போது கொஞ்சமாக ஊற்றக் கூடாது. ‘செடி பலவீனமாக இருக்கிறது, கால் டம்ளர் போதும்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் கால் டம்ளர் மேலே இரண்டு அங்குலத்தை நனைத்துவிட்டு நின்றுவிடும், அடியில் இருக்கும் வேருக்கு எதுவும் போகாது, கலவையில் இருக்கும் உப்பும் வெளியேறாது. ஊற்றும் நாட்களைக் குறையுங்கள், ஊற்றும் அளவைக் குறைக்காதீர்கள்.

பூவாளியால் கலவையின் மேல் சுற்றி ஊற்றி, அடியில் தாராளமாக வடியும்வரை விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஒரு முறை. புதுக் கலவை முதல் முறையில் சரியாக நனையாது, அதனால்தான் இரண்டு தடவை. பிறகு தொட்டியைச் சாய்த்து அடியில் தங்கியதை வடித்துவிடுங்கள். அழகுக்காக வைத்திருக்கும் பீங்கான் தொட்டிக்குள் திருப்பி வைப்பவர்கள் அரை மணி நேரம் கழித்து உள்ளே எட்டிப் பாருங்கள், அங்கே எப்போதும் இரண்டு கரண்டித் தண்ணீர் நிற்கும்.

வாளியில் தொட்டியோடு முக்கி எடுக்கும் முறையும் நல்லதுதான், பத்து நிமிடம் போதும். ஆனால் ஒரு செடி முக்கிய தண்ணீரில் இன்னொன்றை முக்காதீர்கள். வெட்டுக்காயம் உள்ள வேர்கள் வழியாக அழுகல் நோயும் வைரஸும் அப்படித்தான் வரிசையாகப் பரவும்.

வேரை நிறைய வெட்டிய செடி என்றால், இந்த முதல் தண்ணீரோடு கார்பன்டசிம், மான்கோசெப் இரண்டும் கலந்த சாஃப் பூஞ்சைக்கொல்லியை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து ஊற்றுவது இங்கே பலரின் பழக்கம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், சமையலறையில் வைத்துக் கரைக்காதீர்கள். ஆரோக்கியமான செடிக்கு இது தேவையே இல்லை. வெட்டுக்காயத்தில் இலவங்கப்பட்டைத் தூள் தடவுபவர்கள் இலையிலோ தண்டிலோ உள்ள வெட்டில் மட்டும் தடவுங்கள். வேரில் பட்டால் அதையும் சேர்த்து உலர்த்திவிடும்.

ஐஸ் கட்டி வைப்பதைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 2017ல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மரப்பட்டையில் நட்டுப் பூத்திருந்த ஃபலனாப்சிஸுக்கு வாரம் மூன்று ஐஸ் கட்டி வைத்ததில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. சரி, ஆனால் அவை வேரூன்றி நின்ற செடிகள், வீட்டுக்குள் அலங்காரத்துக்கு வைப்பவை. தொட்டி மாற்றிய செடிக்கு உப்பு கழுவிப் போகும் அளவுக்குத் தண்ணீர் ஓட வேண்டும். மூன்று கட்டி உருகி அது நடக்காது.

படி 5: அடுத்தது எப்போது?

பழைய தொட்டியில் ‘செவ்வாய், வெள்ளி’ என்று ஒரு கணக்கு வைத்திருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். கலவை புதிது, தொட்டி அளவு வேறு, குடிக்கும் வேர் குறைவு. பழைய கணக்கு இதில் எதற்கும் பொருந்தாது.

ஊற்றி வடிந்ததும் தொட்டியைக் கையில் தூக்கி எடையை மனதில் வையுங்கள். தினமும் காலையில் ஒரு முறை தூக்குங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும், அதற்குப் பிறகு எந்தக் கருவியும் வேண்டாம். பழகும்வரை ஒரு மூங்கில் குச்சியைக் கலவையின் நடுவில் அடிவரை செருகி வையுங்கள். வெளியே இழுத்துக் கன்னத்தில் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, ஊற்ற வேண்டாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டி என்றால் உள்பக்கச் சுவரில் படிந்த நீர்த்துளி மறையும்வரை காத்திருங்கள். வேர்கள் வெள்ளியாக மாறிய மறுநாள் ஊற்றுங்கள்.

மேல் கலவையை விரலால் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நம்பாதீர்கள். மேலே காய்ந்து சலசலக்கும்போதும் அடி மூன்று அங்குலத்தில் ஈரம் அப்படியே இருக்கும்.

சுமாராக ஒரு அளவு வேண்டுமென்றால்: பிளாஸ்டிக் தொட்டியில் மட்டைத்துண்டும் கரியும் கலந்து நட்ட ஃபலனாப்சிஸுக்கு நான்கைந்து நாளுக்கு ஒரு முறை. பாசியில் என்றால் ஏழு முதல் பத்து நாள். ஓட்டை போட்ட மண்தொட்டியில் கரி, செங்கல் துண்டு போட்டு நட்ட டென்ட்ரோபியத்துக்கு முதல் மாதம் இரண்டு நாளுக்கு ஒரு முறை, வேர் ஓடிய பிறகு கோடையில் தினமுமே வேண்டியிருக்கும். இவை தொடக்கப்புள்ளிகள்தான், கடைசி வார்த்தை குச்சியிடமே.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கணக்கெல்லாம் தலைகீழாகும். புதிதாக நட்ட செடியைக் கூரைக்கு அடியில் கொண்டுபோய்விடுங்கள். வேரூன்றிய செடிக்கு மழை விருந்து, காயம்பட்ட வேருக்கு அல்ல. மே மாத அக்னி நட்சத்திரத்திலும் இந்த மழைக்காலத்திலும் தொட்டி மாற்றுவதையே தள்ளிப்போட முடிந்தால் பாதிப் பிரச்சினை வராது.

எந்தத் தண்ணீர்?

போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மற்ற எல்லாம் சரியாகச் செய்தும் புது வேரின் நுனி மட்டும் கருகிக்கொண்டே இருக்கும். பச்சை நுனி பழுப்பாகி நின்றுவிட்டால் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். டிடிஎஸ் 200க்குள் இருந்தால் கவலையில்லை. 500ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைத் தொட்டி மாற்றிய செடிக்கு ஊற்றாதீர்கள்.

மழைநீர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு, ஆனால் மொட்டைமாடியைக் கழுவி வரும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள். ஆர்ஓ தண்ணீர் பயன்படும். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிக்கனம் என்று சேர்த்து வைத்து ஆர்கிட்டுக்கு ஊற்றுகிறார்கள். அதில் வடிகட்டிய உப்பு முழுக்கச் சேர்ந்திருக்கிறது, தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, இயந்திரத்தை ஒழுங்காகச் சுத்தம் செய்பவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

இலை சுருங்கினால்

தொட்டி மாற்றிய முதல் இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகள் கொஞ்சம் தளர்வதும், மிகக் கீழே இருப்பது மஞ்சளாகி உதிர்வதும் சாதாரணம். எல்லா இலையும் தோல் மாதிரி மடிந்தால் செடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஊகம் செய்து ஊற்றுவதைவிட ஒரு முறை பிரித்துப் பார்ப்பது செடிக்கு நல்லது.

வேர் கெட்டியாக, வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. முக்கி எடுத்து, இடைவெளியைக் குறையுங்கள். வேரை அழுத்தினால் பொசுக்கென்று அமுங்கி உறை உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல் மட்டும் நின்றால் அது அழுகல். தீயில் காட்டி ஆறிய கத்தரியால் கெட்டியான இடம்வரை வெட்டுங்கள், கலவையைக் கொட்டிவிடுங்கள். வேர் ஒன்றிரண்டே மிச்சம் என்றால், நன்கு பிழிந்த பாசியைச் சின்னத் தொட்டியில் வைத்து அதன் மேல் செடியை நிறுத்தி, மொத்தத்தையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் தளர்வாக மூடி, வெயிலே படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். தினம் சில நிமிடம் திறந்து காற்று விடுங்கள். பாசி காய்ந்தால் மட்டும் தெளியுங்கள். வேர் வர மாதக் கணக்காகும், சில செடிகள் பிழைக்காது. பிழைத்ததிலும் பழைய இலையின் சுருக்கம் முழுதாகப் போகாது, புது இலை நிமிர்ந்து வந்தால் வெற்றி.

இலையில் தண்ணீர் கோத்த மாதிரிப் பழுப்புத் திட்டு வந்து, நாற்றத்தோடு வேகமாகப் பரவினால் அது பாக்டீரியா அழுகல். அன்றே வெட்டி, செடியைத் தனியே வைத்து, தெளிப்பதை முற்றிலும் நிறுத்துங்கள்.

உரம், அதற்குப் பிறகு

முதல் நான்கு வாரம் உரம் கிடையாது. காயம்பட்ட வேரின் மேல் உர உப்பு பட்டால் எரியும். பஞ்சகவ்யம், மண்புழு உரக் கரைசல், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அரிசித் தண்ணீர் காற்றோட்டமுள்ள கலவைக்குள் புளித்துப் போய்ச் சின்னக் கொசுக்களைத்தான் கூட்டிவரும்.

புது வேரின் பச்சை அல்லது சிவந்த நுனி கண்ணில் பட்டதும், உரக்கடையில் கிடைக்கும் 19:19:19ஐ லிட்டருக்குக் கால் கிராம் வீதம் தொடங்கலாம். தராசு இல்லாதவர்கள் 20 லிட்டர் கேன் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி வேரை நனைத்துவிட்டு, அப்புறம் உரத் தண்ணீர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும், மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் செடியின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். செடியோடு தொட்டியும் சேர்ந்து அசைந்தால் வேர் பிடித்துவிட்டது. கட்டிய குச்சியை எடுத்துவிட்டு, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். அங்கே போனதும் கலவை இன்னும் வேகமாகக் காயும், அதனால் அந்த வாரம் மட்டும் குச்சியைத் திரும்பச் செருகிப் பார்த்துக்கொள்ளுங்கள்.